மூட்டைக் காது

ஸ்ரீநாத் தன் போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டினான். காலை நடைக்கு வந்த யாரோ கடல் சுவர் மேல் நின்று எடுத்த வீடியோ. இருபது விநாடிதான். முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சின்ன அலை, காற்று இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத கடல், தூரத்தில் ஒரு ஆரஞ்சு நிறப் பாய். பலகை மேல் ஒரு ஆள் நின்றபடி அந்தப் பாயைப் பிடித்துக்கொண்டு போகிறது. முகம் தெரியவில்லை.

"சேட்டா, இது நம்ம பாயல்லே?" என்று கேட்டான்.

"நம்ம பாய்தான்."

"போன வெள்ளிக்கிழம காலைல ஆறரைக்கு எடுத்தது. நம்ம ஷெட் திறக்கறது ஒம்பது மணிக்கு. சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு எங்கிட்ட. மத்தது?"

மற்றது என்னிடம். அது அவனுக்கும் தெரியும்.

"ஞாயித்துக்கிழம சாயங்காலத்துக்குள்ள யாருன்னு சொல்லணும். இல்லெங்கில் சாவிய வச்சிட்டுப் போயிக்கோ. எனிக்கு வேற வழியில்ல சேட்டா."

முதலாளிதான், ஆனால் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். கோபத்திலும் அண்ணன் என்கிற அந்தச் 'சேட்டா'வை விடவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது.

எங்கள் ஷெட் ஃபோர்ட் கொச்சிக்குத் தெற்கே, கருங்கல் சுவர் முடிந்து கொஞ்சம் மணல் மிச்சமிருக்கும் இடத்தில் இருக்கிறது. நின்றுகொண்டு துடுப்புப் போடும் வாடகைப் பலகைகள் நாலு. அதில் ஒன்றின் நடுவில் பாய்மரம் நட்டுப் பாய் கட்டலாம். அப்புறம் துடுப்பே வேண்டாம், காற்று இழுத்துக்கொண்டு போகும். வீடியோவில் இருந்தது அந்தப் பலகைதான். பாய் இரண்டு உண்டு, பெரிது ஒன்று, சின்னது ஒன்று, இரண்டும் ஆரஞ்சு. பலகை தூக்குவது, கழுவுவது, பாய் கட்டுவது, புதிதாக வருகிறவர்களை மணலில் நிற்க வைத்து முதல் பாடம் சொல்வது, எல்லாம் நாலு வருஷமாகச் சங்கிலிப்பாண்டியாகிய நான்தான்.

அதற்கு முன் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்கு மூட்டை, மிளகு மூட்டை தூக்கினேன். பத்தொன்பது வருஷம். வலது தோள் இறங்கிவிட்டது, கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. இனிமேல் தலையில் எதுவும் ஏற்றாதே என்று டாக்டர் சொன்ன அதே மாதம் ஸ்ரீநாத் கூப்பிட்டான். அந்தச் சாவி போனால் நாற்பத்தாறு வயதில் திரும்பவும் குடோன் வாசலில் போய் நிற்க வேண்டும். 

நான் ஒரு சந்தேகப் பிராணி. பால் பாக்கெட் வாங்கினால் தேதியை இரண்டு தரம் பார்ப்பேன். ஆட்டோக்காரர் வழக்கத்துக்கு மாறாகத் திரும்பினால் ஏன் இந்தப் பக்கம் என்று கேட்காமல் இருக்க மாட்டேன். அப்படிப்பட்டவன் கண்ணிலேயே ஒருவன் மண்ணைத் தூவியிருக்கிறான் என்றால் ரத்தம் கொதிக்காதா?

உண்மையைச் சொன்னால், எனக்கு ஒரு மாதமாகவே சந்தேகம் இருந்தது. காலையில் ஷெட்டைத் திறந்தால் பாய் வைக்கும் பையின் அடியில் ஈரம் இருக்கும். பலகையில் கால் ஊன்றும் இடத்தில் புது மணல் ஒட்டியிருக்கும். பாயைப் பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கம்பு உண்டு. அதை என் தோள் உயரத்துக்கு மரத்தில் டேப் ஒட்டி அடையாளம் வைத்திருந்தேன். அந்த டேப்புக்கு ஒரு சாண் கீழே, கம்பு கட்டிய புதுத் தடம் இருந்தது. ஸ்ரீநாத்திடம் சொன்னால் என் தலையில்தான் விடியும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். கடைசியில் எப்படியும் என் தலையில்தான் விடிந்தது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது பாக்கியலக்ஷ்மியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். என் மனைவி. பஜார் ரோட்டில் சுக்குக் குடோனில் வேலை. காலை ஒன்பது மணிக்குத் தரையில் குத்தவைத்தால் ஐந்து மணிவரைக்கும் சுக்கைத் தரம் பிரித்துச் சாக்கில் நிரப்பி வாயைத் தைப்பாள். தைத்து முடித்ததும் சாக்கின் இரண்டு மூலைகளையும் குவித்து, சணலால் இறுக்கிக் காது வைப்பாள். காது இல்லாத மூட்டையைத் தூக்க முடியாது, கை வழுக்கும். எல்லாப் பெண்களும் சணலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். இவள் மட்டும் இரண்டே சுற்று, நுனியை உள்ளே சொருகிவிடுவாள். அவள் கட்டிய காது ஒருநாளும் அவிழ்ந்ததில்லை என்று பார்த்துத்தான் நான் பெண் கேட்டேன் என்று குடோனில் இன்றைக்கும் கிண்டல் செய்வார்கள். அது பொய்யும் இல்லை.

"எங்க, காட்டுங்க" என்று போனை வாங்கினாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"நல்லா ஓட்டுறாங்களா?" என்று கேட்டாள்.

"ஓட்டத் தெரிஞ்ச திருட்டுப்பய."

"காத்தே இல்லயே. எப்படிப் போகுது?"

"அதான் எனக்கும் புரியல. இந்தக் காத்துல பாய் கட்டி என்ன பிரயோஜனம்னு வர்றவங்கள நானே திருப்பி அனுப்புவேன்."

"இன்னொரு தரம் போடுங்க."

மூன்று தரம் பார்த்தாள். பிறகு சாயா போட எழுந்து போய்விட்டாள். என் கவலை இவளுக்குச் சினிமா மாதிரி இருக்கிறதே என்று எனக்குச் சுருக்கென்றது.

அந்த வாரம் நான் விட்டுவைத்த ஆளே இல்லை. சாயாக்கடைக்காரர் ஏன் ஐந்து மணிக்கே கடை திறக்கிறார்? வலை இழுக்கிறவர்கள் ஏன் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள்? ஸ்ரீநாத் மேலேயே ஒரு கண் வைத்தேன். தானே எடுத்து ஓட்டிவிட்டு என்னைத் துரத்தப் பார்க்கிறானோ என்னவோ. புதன்கிழமை ஷெட் கதவின் இரண்டு கொண்டிக்கும் குறுக்கே கறுப்பு நூல் கட்டினேன். வியாழக்கிழமை வாசலில் சலித்த மணலைத் தூவி வைத்தேன், கால் தடம் பதியட்டும் என்று. ஒவ்வொரு பொறியையும் அன்றைக்கன்றைக்குப் பாக்கியத்திடம் சொல்லிவிடுவேன், வேறு யாரை நம்புவது? நூல் அறுபடவில்லை. மணலில் ஒரு காக்கைத் தடம்கூட இல்லை.

"உங்களுக்குப் பயந்துட்டான் போல" என்றாள் பாக்கியம்.

பயப்படட்டும் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் பயந்தவன் பெயர் தெரியாமல் ஸ்ரீநாத் முன்னால் போய் நிற்க முடியாதே.

பெயர் என்று கேட்டால் என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். விஸ்வநாத். இரண்டு வருஷம் என்னோடு ஷெட்டில் இருந்தவன், பள்ளுருத்திக்காரன். பாய் ஓட்டுவதில் மன்னன். ஆனால் பலகையைக் கடலில் இறக்குமுன் எதையும் சோதிக்க மாட்டான். பாய்மரம் பலகையோடு சேரும் இடத்தைக் 'கால்' என்போம். எங்கள் ஷெட்டில் காலைக் கழற்றுவதில்லை, பலகையிலேயே திருகி இருக்கும். அது லூசாக இருந்தால் நடுக்கடலில் மரம் பிடுங்கிக்கொண்டு விழும். அவன் பார்க்காமல் அனுப்பி, ஒரு விருந்தாளி விழுந்து, மரம் நெற்றியில் பட்டு ஆறு தையல். நான்தான் ஸ்ரீநாத்திடம் சொன்னேன். அன்றைக்கே விஸ்வநாத்தை அனுப்பிவிட்டான். அவன் ஒரு சாவி அடித்து வைத்திருக்க மாட்டான் என்று என்ன நிச்சயம்?

வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறி இடப்பள்ளிக்குப் போனேன். அங்கே ஒரு பெரிய மாலில் ஷூ கடையில் நிற்கிறான் என்று கேள்வி. நீலச் சட்டையும் டையும் போட்டுக்கொண்டு ஒரு சின்னப் பெண்ணின் காலுக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. நான் வந்த காரணத்தைச் சொல்லாமல் வீடியோவை மட்டும் காட்டினேன், முகம் மாறுகிறதா பார்ப்போம் என்று.

"ஐயோ, கொள்ளாம், நல்லாருக்கே! யாரு அண்ணா இது?" என்றான்.

"நீதான் சொல்லணும்."

"நானா? அண்ணா, இந்தக் காத்துல எனக்கு நிக்கவே வராது. எனக்குப் பலமா அடிக்கணும். இந்த ஆளப் பாருங்க, காத்தோட சண்டையே போடல. அலை வர்ற வரைக்கும் சும்மா நிக்குது. அலை பின்னால தூக்கும்போது ஒரு காலப் பின்னுக்கு வைக்குது, பாய ஒரே ஒரு தரம் விசிறுது, அவ்வளவுதான். மிச்சத்த அலை பாத்துக்குது." போனைக் கண்ணருகே கொண்டுபோனான். "ஆளு குள்ளம். கம்பத் தாழ்த்திக் கட்டியிருக்கு."

விஸ்வநாத் ஆறடி. அவன் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேறு என்ன வேண்டும்? ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது என் மூளை வேறு விதமாக ஓடியது. கேட்காமலே எதற்காக உயரத்தைப் பற்றிச் சொன்னான்? வேண்டுமென்றே கம்பைத் தாழ்த்திக் கட்டிக் குனிந்து ஓட்டியிருப்பான், என்னைத் திசைதிருப்ப. வைட்டிலாவில் பஸ் மாறுவதற்குள் அவன்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீநாத் போனபிறகு, ஷெட்டுக்குள் குனிந்து, பாய்ப் பலகையின் காலைத் திருகிக் கழற்றினேன். முழுக்க அல்ல. இரண்டு சுற்றுப் பிடிமானம் மட்டும் விட்டேன். எனக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு விடியல்தான். கணக்கு இதுதான்: என்னிடம் பாடம் கேட்ட எவரும் இதில் விழ மாட்டார்கள், ஏனென்றால் முதலில் காலை ஆட்டிப் பார்ப்பார்கள். பார்க்காதவன் உலகத்திலேயே ஒருவன்தான். கரையிலிருந்து நூறு மீட்டர் போனதும் மரம் விழும், ஐயா தொபுக்கென்று விழுவார், காலை நடைக்கு வந்த கூட்டம் பார்க்கும், நான் சுவருக்குப் பின்னாலிருந்து வீடியோ எடுப்பேன். அவன் மீன் மாதிரி நீந்துவான், சாகப் போவதில்லை. எழுந்து ஷெட்டைப் பூட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். 

அதை மட்டும் பாக்கியத்திடம் சொல்லவில்லை.  நாளைக் காலை எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, பள்ளுருத்தியில் விஸ்வநாத் வீட்டு வாசலில் காவல் இருக்கப் போகிறேன் என்று ஒரு பொய்யையும் சொன்னேன்.

"சரி, பாத்துப் போயிட்டு வாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்தபோது அவள் வாக்கிங் போய்விட்டிருந்தாள். போன மழைக்காலத்தில் சுகர் ஏறியதிலிருந்து, கூட வேலை பார்க்கும் ஷபானாவின் ஸ்கூட்டரில் ஏறி மைதானத்துக்குப் போய் நடந்துவிட்டு ஏழரைக்கு வந்துவிடுவாள். அவளை நான் அதில் பாராட்டத்தான் செய்வேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் செயின் கழன்று, மாட்டி, கை எல்லாம் கிரீஸாகி, ஷெட்டுக்குப் போய்ச் சேர ஆறே கால் ஆகிவிட்டது.

பூட்டு திறந்திருந்தது. பாய்ப் பலகை இல்லை. பெரிய பாய் இல்லை. மாட்டினான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனை எடுத்தேன். அப்போதுதான் சின்னப் பாயின் பையைப் பார்த்தேன்.

பெரிய பாயை எடுப்பதற்காகச் சின்னதை வெளியே இழுத்து, திறந்து பார்த்துவிட்டு, திரும்பக் கட்டிச் சுவரோரம் சாய்த்திருக்கிறார்கள். நான் அந்தப் பையின் வாயைச் சுருக்கி ஒரு முடிச்சுப் போடுவேன், அவ்வளவுதான். இப்போது அதன் இரண்டு மூலைகளும் குவிந்து நின்றன. இரண்டு காதுகள். இரண்டு சுற்றுக் கயிறு. நுனி உள்ளே சொருகியிருந்தது.

நான் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்தேன். தொட வேண்டிய தேவையே இல்லை. இருட்டில் கொடுத்திருந்தாலும் இது யார் கை என்று சொல்லியிருப்பேன். யோசித்துச் செய்திருந்தால் இப்படிக் கட்டியிருக்க மாட்டாள், பை என்று கண்டதும் கை தானாகக் காது வைத்துவிட்டது. வீட்டில் ஆணியில் தொங்கும் சாவி, டேப்புக்கு ஒரு சாண் கீழே இறங்கிய கம்பு, வாக்கிங், நூலும் மணலும் கலையாமல் கிடந்தது, மூன்று தரம் வீடியோ பார்த்தது, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதின. அதற்கும் பின்னால் ஒன்று வந்தது. அந்தக் கால். இரண்டே இரண்டு சுற்று. பாக்கியத்துக்கு நீச்சல் தெரியாது.

வெளியே ஓடினேன். சுவர் மேல் ஷபானா ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மூடியை நழுவவிட்டாள். அவளுக்கு அப்பால், கரையிலிருந்து இருநூறு மீட்டர் தூரத்தில், ஆரஞ்சுப் பாய் போய்க்கொண்டிருந்தது.

தை மாதத்துக் காலைக் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். மெல்லத்தான் அடிக்கும், முடிகூடப் பறக்காது. ஆனால் பாய் விழுந்த பலகையை அந்த மெல்லிய காற்றே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுபோய்விடும். இதை ஞாயிறு தவறாமல் விருந்தாளிகளுக்குச் சொல்கிறவன் நான். ஒரு துடுப்புப் பலகையை இழுத்துத் தண்ணீரில் போட்டு, முழங்காலில் நின்று துழாவினேன். இறங்கிய தோள் ஒவ்வொரு தள்ளுக்கும் கத்தியது.

"பாக்கியக்கா! அண்ணா வருது! அண்ணா!" என்று பின்னாலிருந்து ஷபானா கூவினாள்.

தூரத்தில் அந்த உருவம் திரும்பிப் பார்த்தது. என்னை அடையாளம் கண்டிருக்க வேண்டும். உடனே பாயைச் சரித்து, பலகையின் மூக்கை இன்னும் வெளிப்பக்கம் திருப்பியது. அவள் என்னிடமிருந்து தப்பி ஓடுகிறாள். நான் வேகமாகத் துழாவத் துழாவ அவள் இன்னும் தள்ளிப் போனாள்.

"நில்லு பாக்கியம்! திரும்பு!"

நிற்கவில்லை. நிற்க மாட்டாள் என்று எனக்கே தெரிந்தது. ஒரு வாரமாக அந்தத் திருடனைப் பிடித்தால் என்ன செய்வேன் என்று சோற்றுத் தட்டின் முன்னால் விளக்கமாகச் சொல்லியிருக்கிறேன்.  மரம் எந்த நிமிஷமும் பிடுங்கிக்கொள்ளும். அவளை நிறுத்த ஒரே ஒரு சொல்தான் இருந்தது, அதைச் சொன்னால் நான் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துவிடும்.

"கால் லூசு பாக்கியம்! மரம் விழும்! நான்தான் கழட்டி வச்சேன்! நான்தான்!"

அலைச் சத்தம் இல்லாத கடலில் குரல் நன்றாகக் கேட்கும். சுவர் மேல் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அவள் ஒரு கையைப் பாயிலிருந்து விட்டாள். பாய் காற்றை விட்டுத் துவண்டது, பலகை நின்றது. மரம் விழவில்லை. சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் சொருகி, என் பழைய சட்டையும் அதற்கு மேல் லைஃப் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு, அவள் நேராக நின்றுகொண்டிருந்தாள்.

நான் பக்கத்தில் போய் அவள் பலகையைப் பிடித்துக்கொண்டேன். 

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"கால் லூசா இருந்தது. கரையிலயே பாத்தேன். முதல்ல கால ஆட்டிப் பாரு, அப்புறம் கடலப் பாருன்னு ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம நீங்கதான கத்துவீங்க? சோறு கொண்டாந்து வச்சிட்டு நாலு வருஷமா அதக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஆட்டுனேன், ஆடுச்சு. இடுப்புல இருந்த கோணி ஊசிய அந்தக் காலோட ஓட்டைக்குள்ள விட்டுத் திருகி இறுக்குனேன்."

வீட்டில் ஜாம் பாட்டில் மூடி திறக்கக்கூட என்னைக் கூப்பிடுகிறவள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அவ்வளவு சுத்து தானா கழலாது. யாரோ வேணும்னே செஞ்சிருக்கான்னு தெரிஞ்சது. விஸ்வநாத்தா இருக்கும்னு நெனச்சேன். நீங்கதான தெனமும் முதல்ல ஏறிச் சோதிச்சுப் பாக்குறது? உங்கள முடிக்கத்தான் வச்சிருக்கான்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. வீட்டுக்கு வந்ததும் உங்ககிட்டச் சொல்லிடணும், நான் மாட்டிக்கிட்டாலும் பரவால்ல, இனிமே அந்த ஷெட்டுல யாரையும் நம்பாதீங்கன்னு சொல்லணும்னு நெனச்சுக்கிட்டேதான் ஓட்டிக்கிட்டிருந்தேன்."

 என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"விஸ்வநாத்துக்குன்னு வச்சேன்" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று தெரிந்தது.

"அவனுக்கும் வீட்ல ஆளு இருக்குல்ல" என்றாள்.

இரண்டு பலகைகளும் ஒட்டிக்கொண்டு ஏறி இறங்கின. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் சிரித்தாள், சந்தோஷமில்லாத சிரிப்பு.

"சொன்னேனே. போன வருஷம், அந்தப் பெங்களூர் ஆளுங்க முன்னால. நானும் ஒரு தரம் ஏறிப் பாக்கட்டான்னு கேட்டேன். உன் வெயிட்டுக்குப் பலக முங்கிரும்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நீங்கதான் முதல்ல சிரிச்சீங்க."

எனக்கு அது ஞாபகமே இல்லை. சிரித்திருப்பேன், நான் அப்படிப்பட்டவன்தான்.

"பகல் பூரா தரையில குத்தவச்சு சுக்கப் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒரு மணி நேரம் நிமிந்து நிக்கணும்னு இருந்தது. வேற ஒண்ணும் இல்ல. அந்த வீடியோ வந்ததுல இருந்து ஒரு வாரம் வரல. இன்னிக்கு ஒரே ஒரு தரம், சாயங்காலம் நானே ஸ்ரீநாத்துகிட்டச் சொல்லிடலாம்னு வந்தேன்." பாயைத் தூக்கிப் பலகையின் மூக்கைக் கரைப் பக்கம் திருப்பினாள். "கைய எடுங்க. அலை வருது."

கையை எடுத்தேன். கடல் பக்கம் தண்ணீர் லேசாக உப்பியது. என் கண்ணுக்கு அது ஒரு அலையே இல்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள். பலகையின் பின்புறம் எழும்போது வலது காலை ஒரு அடி பின்னுக்கு வைத்து, பாயை ஒரு தரம், ஒரே ஒரு தரம் தன் பக்கம் இழுத்தாள். பலகை நழுவியது. கரைக்காற்று ஒரு பக்கமாக வந்து பாயை நிரப்ப, அலை அடியில் தள்ள, இரண்டுக்கும் நடுவில் அவள் எதையும் இறுக்கிப் பிடிக்காமல் கரையை நோக்கிச் சாய்வாகப் போனாள். காற்றில்லாத நாளில் கடலில் ஒன்றும் செய்ய முடியாது என்று நாலு வருஷமாக ஊருக்குச் சொன்னவன் நான். முழங்காலில் உட்கார்ந்தபடி அவள் கரை சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் இருவரும்தான் ஸ்ரீநாத்திடம் போனோம். அவள் தன்னுடையதைச் சொன்னாள். அவன் வாயைப் பிளந்து, வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்து, "சேச்சியா இது? சத்யமாயிட்டும்?" என்று இரண்டு தரம் கேட்டான். கோபப்பட அவனால் முடியவில்லை. அப்புறம் நான் என்னுடையதைச் சொன்னேன். அவள் சொல்ல வேண்டாம் என்று தடுக்கவில்லை. நான் தடுப்பாள் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்ரீநாத் போனைக் கவிழ்த்து மேஜை மேல் வைத்தான்.

"கேக்காம எடுத்தத நான் மன்னிக்கலாம்" என்றான். "கால் நோக்காம விட்டதுக்கு விஸ்வநாத்தப் பறஞ்சு அனுப்பி விட்டேன். நீங்க சொல்லித்தானே விட்டேன். கால் கழட்டி வச்ச ஆள எப்படி வச்சுக்கறது? நீங்களே சொல்லுங்க சேட்டா."

சாவியை மேஜை மேல் வைத்தேன். அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

இப்போது நான் பஜார் ரோட்டில், அவள் குடோனிலேயே இருக்கிறேன். தலையில் ஏற்றும் வேலை இல்லை, தோளுக்கு ஆகாது. தைத்து முடித்த மூட்டையைக் காதைப் பிடித்து எடைமேடைக்கு இழுத்து வைக்க வேண்டும், திரும்ப இறக்க வேண்டும். பாக்கியம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட்டுக்குப் போகிறாள், பெண்கள் யாராவது வந்தால் காட்டிக் கொடுக்க ஸ்ரீநாத் கூப்பிட்டிருக்கிறான். என்னைக் கூப்பிடவில்லை. நான் சோறு கொண்டுபோய்ச் சுவர் மேல் உட்கார்ந்திருப்பேன். வீட்டில் அவள் என்னோடு பேசுகிறாள், சாயா தருகிறாள், சண்டைகூடப் போடுகிறாள். ஆனால் கடலில் இறங்கும் முன் காலை ஆட்டிப் பார்க்கும்போது, ஒவ்வொரு தரமும் தலையைத் தூக்கி நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒரு பார்வை பார்க்கிறாள்.

குடோனில் நான் சேர்ந்த முதல் நாள் அவள் ஒரு மூட்டையைத் தைத்து முடித்துக் காது வைத்து என் பக்கம் தள்ளினாள். குனிந்து பிடிக்கப் போனேன். இரண்டு சுற்று, நுனி உள்ளே.

"இழுத்துப் பாத்துட்டுப் பிடிங்க" என்றாள். "கட்டினவங்க மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நான் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பிடித்தேன்.